விஸாவும் ஒரு வினாவும்

1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்னும் கப்பலில் கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கடல் கடந்து செல்லத் தாயாரின் இசைவைப் பெறுவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். விஸா என்ற பேச்சே அந்த வரலாற்றில் எழுவதில்லை. அவர் பிரிட்டிஷ் பிரஜை. இங்கிலாந்தில் கால் வைக்க அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. மகனோ மகளோ ஐரோப்பாவுக்குப் போவதற்குத் தாயார் தடை சொல்வதில்லை. மனம் நிறைந்து வழியனுப்பி வைக்கிறார். பிறகு ஒரு நாள், பிள்ளைகளைப் பார்த்து வரலாம் என்று அந்தத் தாயாரே புறப்படும்போதுதான் தடை எழுகிறது. அந்தத் தடை எத்தகையது, அதை எவ்வாறு முறையாகக் கடப்பது என்பதைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் எல்லைகளைக் கடப்பது பெரும்பாலும் எளிய காரியமாகவே இருந்தது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக், 1914க்கு முன்னர்ப் பாஸ்போர்ட்டே இல்லாமல் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தாம் சென்று வந்ததைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இதைச் சொல்லும்போதெல்லாம் பிற்காலத்து இளைஞர்கள் வியந்து போவார்களாம். போர் மூண்டது, ஒற்றர்களுக்கு அஞ்சி ஒவ்வொரு நாடும் வாயிற்கதவை அடைத்துக் காவல் வைத்தது. போர் முடிந்த பின்பும் அந்தக் காவல் நீங்கவில்லை. நம் நாட்டிலும் 1920இல் பாஸ்போர்ட்டுச் சட்டம் பிறந்தது. ஆயினும் பிரிட்டனைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் இந்தியருக்கு நெடுங்காலம் விஸா தேவைப்படவில்லை. 1986இல்தான் அந்தச் சலுகை முடிவுற்றது.

அதற்கு ஓராண்டு முன்னர் ஐரோப்பாவின் நடுவே வேறொரு நிகழ்ச்சி நடந்தது. லக்ஸம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றின் கரையில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர் உண்டு. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். பிரான்சு, ஜெர்மனி, லக்ஸம்பர்க் ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் அங்கே கூடுகின்றன. 1985 ஜூன் 14ஆம் நாள், அந்த ஆற்றில் நின்ற 'பிரின்சஸ் மாரி அஸ்த்ரித்' என்னும் படகில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். தமக்கிடையே உள்ள எல்லைச் சோதனைகளை நீக்கிவிடுவது என்பதே அதன் கருத்து. 1995 மார்ச்சு மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்தாக இருந்த நாடுகள் பெருகி, 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்த பின் இருபத்தொன்பதாயின. உள்ளே இருந்த கதவுகள் அகன்றன. அதனாலேயே வெளிக்கதவின் தாழ்ப்பாள் வலுப்பெற்றது. ஒரு நாடு உள்ளே விட்டவர் இருபத்தொன்பது நாடுகளிலும் உலவலாம் என்றால், எந்த நாடும் எளிதில் உள்ளே விடாது அல்லவா? பிரிட்டனும் அயர்லாந்தும் இந்தக் கூட்டத்தில் இல்லை என்பதை மறந்துவிடலாகாது. ஷெங்கன் விஸாவைக் கையில் வைத்துக்கொண்டு, பாரிஸிலிருந்து இலண்டனுக்கு இரயிலேறப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

விஸா என்பது இலத்தீன் வழி வந்த சொல். 'பார்க்கப்பட்டது' என்று அதற்குப் பொருள். அதிகாரி ஒருவர் தாள்களைப் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக இட்ட குறிப்பே விஸா. அவர் பார்ப்பது என்ன? கடவுச்சீட்டைப் பார்க்கிறார்; பாங்குக் கணக்கைப் பார்க்கிறார்; இன்ஷூரன்ஸைப் பார்க்கிறார். இவை யாவற்றினூடே அவர் தேடுவது ஒரே ஒரு வினாவுக்கு விடை. "இவர் திரும்பி வருவாரா?" என்பதே அந்த வினா. 2009இல் வகுக்கப்பட்ட ஷெங்கன் விஸா விதித் தொகுப்பு இதை மறைக்கவில்லை. விஸாக் காலம் முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருக்கிறதா என்பதை ஆராயவேண்டும் என்று அது அதிகாரிக்குக் கட்டளையிடுகிறது. மறுக்கும்போது தரப்படும் அச்சிட்ட தாளிலும், அந்த எண்ணத்தில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது ஒரு காரணமாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. நம்மவர் பலர், "என் நடத்தையில் என்ன குறை கண்டார்கள்?" என்று மனம் நோகிறார்கள். நடத்தையை யாரும் குறை சொல்லவில்லை. வினாவுக்கு விடை தாளில் இல்லை என்பதே குறை.

வெளிப்படையான விதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்கவேண்டும். திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் உயிருடன் இருக்கவேண்டும். இரண்டு பக்கங்களாவது வெறுமையாக இருக்கவேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். அதில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இடமுண்டா என்பதை வாங்குமுன் படித்துப் பார்ப்பது முதியோருக்கு மிக அவசியம், பெரும்பாலும் இடமிருப்பதில்லை. கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விஸா மறுக்கப்பட்டாலும் அது திரும்புவதில்லை. பத்து விரல்களின் ரேகையும் பதிவாகும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாட்களுக்குக் குறைந்தால் ஏற்பதற்கில்லை. முடிவு பதினைந்து நாட்களில் வரவேண்டும் என்பது விதி. மேலும் விசாரணை வேண்டுமானால் நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்கவேண்டும். நாட்கள் சமமானால் முதலில் கால் வைக்கும் நாடு.

இனி வினாவுக்கு வருவோம். ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமம். கணவர் இல்லை. மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் கணவனோடு இருக்கிறாள், முதல் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம் வழக்கம். அங்கே வேலையும் மருத்துவரும் இருப்பதால் பெண் வர இயலவில்லை. எனவே தாய்வீடே பெண்ணிடம் போகவேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் ஜெர்மனியிலேயே தங்கிவிடுவார் என்று அவரை அறிந்த எவரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள். கன்று ஈனும் பருவத்தில் பசு இருக்கிறது. குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் பொங்கல் வைக்கவேண்டும். பக்கத்துத் தெருவில் தமக்கை இருக்கிறார். மொழி தெரியாத குளிர் நாட்டில் நான்கு மாதம் இருப்பதென்றாலே அவருக்கு மூச்சு முட்டும். ஆனால் இவற்றில் எதற்குத் தாள் இருக்கிறது? அவரை ஊரோடு பிணைக்கும் கயிறுகள் எல்லாம் உண்மையான கயிறுகள். ஒன்றுக்கும் முத்திரையிட்ட சான்றிதழ் கிடையாது. மாதச் சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகஸ்தர் விடுமுறைக் கடிதம் ஒன்றைக் காட்டி எளிதில் விடை சொல்லிவிடுகிறார். இந்த அம்மாளிடம் அது இல்லை. விஸா முறையில் எனக்குக் குறையாகத் தோன்றுவது இதுதான். தாளில் வாழ்கிறவர்களுக்கு அது இசைவாகவும், மண்ணில் வாழ்கிறவர்களுக்கு அது கடுமையாகவும் இருக்கிறது.

குறை சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தை பிறந்துவிடும். ஆகவே, உள்ள கயிறுகளில் எவற்றைத் தாளில் காட்டலாம் என்று பார்ப்போம். வீட்டு வரி இரசீது, நிலத்தின் பட்டா, சிட்டா, குடும்பப் பென்ஷன் உத்தரவு, பாங்கில் உள்ள நிரந்தர வைப்பு, குத்தகைப் பணம் ஆண்டுதோறும் வரவு வைக்கப்பட்ட பாஸ்புத்தகம் இவையெல்லாம் பேசும். ஊரில் மகனோ மற்றொரு மகளோ இருந்தால் அந்த உறவைக் காட்டும் சான்றும் பேசும். முன்பு சிங்கப்பூருக்கோ வேறு நாட்டுக்கோ சென்று உரிய நாளில் திரும்பியிருந்தால், அந்தப் பழைய பாஸ்போர்ட்டைப் பரணிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். திரும்பி வந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. தமிழில் உள்ள ஆவணங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்கவேண்டும். இவற்றின் மேல் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம். யாரிடம் போகிறேன், எதற்காக, எந்நாளிலிருந்து எந்நாள் வரை, செலவு யாருடையது, எதற்காகத் திரும்புவேன் என்று ஐந்து செய்திகளை நேராகச் சொன்னால் போதும். பசுவைப் பற்றியும் பொங்கலைப் பற்றியும் அதில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். என்னைக் கேட்டால், இரண்டு வரி எழுதலாம் என்பேன். அதிகாரியும் மனிதரே.

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகள் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. தாம் வாழும் நகரத்தின் அயல்நாட்டார் அலுவலகத்துக்குச் சென்று, விருந்தாளியின் செலவுக்குத் தாமே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. அதற்குக் கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டுகளைக் காட்டவேண்டும். இதைப் பலர் வெறும் அழைப்புக் கடிதம் என்று எண்ணிக் கையெழுத்திடுகிறார்கள். அது பெரிய பிணை. உணவு, உறைவிடம், நோய்ச் செலவு ஆகியவற்றுக்கு அரசாங்கம் பணம் செலவிட நேர்ந்தால் கையெழுத்திட்டவரிடம் வசூலிக்கலாம்; அந்தப் பொறுப்பு ஐந்து ஆண்டு நீடிக்கும். தாயாருக்காகப் பிள்ளை இதைச் செய்வது இயல்பே. ஆனால் அறிந்து செய்யவேண்டும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தப் பிணை, "எப்படிச் சாப்பிடுவார்?" என்ற கேள்விக்கு விடை; "திரும்பி வருவாரா?" என்பதற்கு விடை அன்று. பிள்ளை செல்வனாக இருந்தால், தாயார் அங்கேயே தங்கிவிடுவாரோ என்ற ஐயம் கூடவும் கூடும். எனவே அங்கிருந்து வரும் தாள்கள் எவ்வளவு கனமாக இருந்தாலும், இங்கிருந்து வைக்கும் தாள்களைக் குறைத்துவிடலாகாது.

விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னர்த் தாயாரின் கணக்கில் இரண்டு இலட்சம் ரூபாயைத் திடீரென்று போடுவதால் பயனில்லை. மூன்று மாதக் கணக்கைப் பார்ப்பவருக்கு அந்த வரவுதான் முதலில் கண்ணில் படும். சிறுகச் சிறுக வந்து செல்லும் பென்ஷன் பணம் அதைவிட நம்பிக்கை தரும். அதுபோன்றே, எல்லாவற்றையும் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் இடைத்தரகர் தயாரித்துத் தரும் போலிக் கடிதங்களை நெருப்பாகக் கருதவேண்டும். விண்ணப்பமும் அதன் முடிவும் விரல் ரேகையோடு ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஐந்து ஆண்டு வரை காக்கப்படுகின்றன. ஜெர்மனி கண்டுபிடித்த பொய்யைப் பிரான்சும் அறியும். விமானச் சீட்டைப் பொறுத்தவரை, விஸா கைக்கு வருமுன் பணம் கட்டி வாங்கிவிட வேண்டியதில்லை. இடம் பதிவு செய்த குறிப்பே போதும்.

சில நாட்கள் அன்றி, அங்கேயே வாழச் செல்வோர் நிலை வேறு. தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டால் ஷெங்கன் விதி இல்லை. அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டமே ஆளும். அங்கே வினாவும் மாறிவிடுகிறது. "திரும்பி வருவாயா?" என்பதன் இடத்தில், "இங்கே எதைக் கொண்டு வாழ்வாய்?" என்ற வினா வந்து நிற்கிறது. ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவர், மாதந்தோறும் அளந்து எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவை முன்னதாகவே வைக்கவேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதத்துக்கு 992 யூரோ ஆகிறது. நம் நாட்டு மாணவரின் கல்விச் சான்றுகளைத் தனியே சரிபார்க்கும் முறையும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாயிற்று. கணவனோடு வாழப் போகும் மனைவி, மனைவியோடு வாழப் போகும் கணவன் ஆகியோர் ஜெர்மன் மொழியின் முதற்படித் தேர்வில் தேறவேண்டும் என்று 2007இல் விதி வந்தது. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் புதுமணப் பெண்கள் வந்து உட்கார்ந்து படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீல அட்டை என்னும் உயர்தொழில் அனுமதி பெற்றவரின் மனைவிக்கோ கணவனுக்கோ அந்தக் கட்டாயமில்லை.

தாய் தந்தையரை நிலையாக அழைத்து வைத்துக்கொள்வது மட்டும் நெடுங்காலம் ஏறக்குறைய இயலாத காரியமாகவே இருந்தது. பெற்றோர் என்றால் ஜெர்மன் சட்டத்தின் கண்ணுக்குக் குடும்பத்தின் வெளிவட்டம். அளவிறந்த இன்னல் இருப்பதாக மெய்ப்பித்தாலன்றி இடமில்லை. கணவன், மனைவி, சிறு குழந்தை என்ற அளவில் குடும்பத்துக்கு வேலி போட்டது அந்தச் சட்டம். நம் குடும்பமோ திண்ணையில் பாட்டி இல்லாமல் நிறைவடைவதில்லை. 2024 மார்ச்சு முதல் நாளுக்குப் பின் தேர்ந்த தொழிலாளராக முதன்முறை அனுமதி பெற்றவர்களுக்கு அந்த வேலியில் ஒரு வாயில் திறந்தது. அவர்கள் தம் பெற்றோரையும், தம்மோடு வாழும் மனைவி அல்லது கணவனின் பெற்றோரையும் அழைக்கலாம். உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழி காட்டவேண்டும். நோய் இன்ஷூரன்ஸும் இருக்கவேண்டும். முதியவர்களுக்கு அந்த இன்ஷூரன்ஸ் கிடைப்பதுதான் அரிது. கிடைத்தாலும் விலை மிகுதி. அந்த நாளுக்கு முன்னரே சென்று பல ஆண்டு உழைத்தவர்களுக்கு இந்த வாயில் இல்லை என்பது விந்தையான ஏற்பாடுதான். நாட்டுக்கு ஆள் தேவைப்பட்ட வேளையில், புதிதாக வருவோரை ஈர்ப்பதற்காக எழுதிய சட்டம் அது.

நம் தாயாரிடமே திரும்புவோம். ஒருவேளை விஸா மறுக்கப்படுகிறது. அப்போது மனமுடைந்து தாளைக் கிழித்தெறியாமல், எந்தக் காரணத்துக்கு எதிரே குறி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஜெர்மன் தூதரகத்துக்கே மறு ஆய்வு வேண்டி இலவசமாக எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. 2025 ஜூலை முதல் நாளோடு அது நின்றுவிட்டது. இப்போது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். அல்லது புதிதாக விண்ணப்பிக்கலாம். புதிய விண்ணப்பத்துக்கு இத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்ற தடையில்லை. பிரசவ நாள் நெருங்கும்போது வழக்கு உதவாது. குறிப்பிட்ட காரணத்துக்கு உரிய விடையைச் சேர்த்து மறுபடியும் கட்டணம் செலுத்துவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அதே தாள்களை அதே வரிசையில் மீண்டும் கொடுத்தால் அதே விடைதான் வரும்.

விஸா கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அந்த ஒட்டுத்தாளில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. இந்நாளிலிருந்து இந்நாள் வரை செல்லும் என்பது ஒன்று. தங்கக்கூடிய நாட்கள் இத்தனை என்பது மற்றொன்று. செல்லும் காலம் நீண்டிருக்கக் கண்டு, அது முழுவதும் தங்கலாம் என்று கருதுவோர் பலர். தங்கும் நாட்களின் எண்ணிக்கையே ஆளும். எவ்வகையிலும், எந்த 180 நாளை எடுத்தாலும் உள்ளே இருந்த நாள் 90ஐத் தாண்டக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். மார்ச்சு 1ஆம் நாள் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கும் அம்மாள், மே 29ஆம் நாளுக்குள் புறப்பட்டுவிடவேண்டும். மூன்று மாதம் என்று எண்ணி மே 31ஆம் நாளுக்குச் சீட்டு வாங்கினால், இரண்டு நாள் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தவராவார். பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளை அதிகாரி விரல்விட்டு எண்ணிய காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் வருகையையும் புறப்பாட்டையும் முகப் படத்தோடு பதிந்து இயந்திரமே எண்ணும் முறை படிப்படியாக வந்தது. அதற்கு இரண்டு நாளும் தெரியும். அன்றியும், விஸா இருந்தாலும் விமான நிலையத்து அதிகாரி கேள்வி கேட்பதற்கு உரிமை உடையவர். மகளின் முகவரி, பிணைக் கடிதத்தின் பிரதி, இன்ஷூரன்ஸ், திரும்பும் சீட்டு ஆகியவற்றைப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பாமல், கைப்பையில் வைத்துக்கொள்வது நலம்.

உரிய நாளில் திரும்பிவிட்டால், அடுத்த விண்ணப்பம் எளிதாகிறது. இந்தியருக்கென்று 2024 ஏப்ரல் 18ஆம் நாள் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விஸாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்குப் பலமுறை சென்று வரக்கூடிய ஈராண்டு விஸாவும், அதன்பின் பாஸ்போர்ட்டுக் காலம் இடந்தந்தால் ஐந்தாண்டு விஸாவும் பொதுவாக வழங்கப்படும். முன்பு எடுத்த விரல் ரேகை 59 மாதத்துக்குச் செல்லுமாதலால், அதற்குள் மறுபடியும் கைகளை நீட்ட வேண்டியதில்லை. மே 29இல் திரும்பிய அம்மாள், புது விஸாவுக்கு ஜூன் மாதத்திலேயே எழுதிப் போடலாம். தொண்ணூறு நாள் வெளியே கழித்து ஆகஸ்டு 28ஆம் நாள் நுழைந்தால், விஸா இடந்தரும் அளவுக்கு மறுபடியும் முழுத் தொண்ணூறு நாள் அவருக்கு உண்டு. பேரக் குழந்தை அப்போது குப்புறத் திரும்பத் தொடங்கியிருக்கும்.